தாய்மாமன் பேரும் தடித்த எழுத்தும்

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பருத்தி மில் வைத்தவன் நான். எதையும் ஒரு தடவை கேட்டால் எனக்குப் பிடிபட்டுவிடும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் சிவகிரி வண்டிக்கு நின்றபோது, முன்னால் நின்ற அச்சகக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னதும் அப்படித்தான் பிடிபட்டது.

“அண்ணாச்சி, உங்க பெரிய மச்சினன் பேரை மூட மறந்துட்டேன்.”

“பேரை எதுக்குவே மூடணும்?”

“சிவகாசியில இப்ப கம்ப்யூட்டர்லா. ஒரு மிஷின்ல அடிக்கதை இன்னொரு மிஷின் எழுத்தாக்கும். பேருக்கு முன்னால ஒரு அடையாளம் போட்டா எழுத்து தடிக்கும். பின்னால மூடுற அடையாளம் போட்டாத்தான் பழையபடி மெலியும். அதைப் போடாம விட்டுட்டேன். கல்யாணப் பத்திரிகையில அதுக்குக் கீழ எல்லாப் பேரும் தடியாயிட்டு. நாளைக்கு சரிபண்ணிருதேன்.”

அச்சடிக்குமுன் சரிபார்க்க அவர் கொண்டுவந்திருந்த புரூஃபை அண்ணாச்சி வாங்கி விரித்தார்.

“சின்ன மச்சினன் பேருமா?”

“ஆமா. அண்ணன் தம்பி ரெண்டும் ஒரே அளவு.”

“அண்ணன் பேரைவிட சிறுசா போட்டா எம்மக கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு போனவன்லா அவன். இப்படியே அடியும்வே.”

“கடைசியில இருக்க உங்க பேருமா?”

“அதுக்கு முன்னால மூடிரும். அப்பத்தான் யோசிச்சுப் போட்டது மாதிரி இருக்கும்.”