அமைதிப் பலகையைத் திருப்பி வைத்த அம்மைக்கு

அன்பையும் அடக்கத்தையுமே அணியாகப் பூண்ட அம்மையே! எங்கள் கல்லூரி நூலகத்தில் எரிந்த நல்விளக்கே! இன்று பணி நிறைவு பெறும் நூலகர் திருமதி மெட்டில்டா ஞானஜோதி அவர்களே! இந்தத் தாம்பரத்தில் தங்களோடு பணியாற்றக் கிடைத்த நாள்களுக்காக ஆண்டவரைத் துதித்து, இம்மடலைத் தங்கள் கரங்களில் வைக்கிறோம்.

நூல்களை அடுக்கி, அட்டை எழுதி, கறையான் அண்டாமல் காத்த தங்கள் கடமையுணர்வை யாவரும் அறிவர். கலங்கிய முகத்தோடு வந்த மாணவரை உட்கார வைத்து, ஒரு புத்தகமும் வெள்ளைத் தாளும் சீவிய பென்சிலும் தந்த தங்கள் கருணையையே நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆண்டு அறுபத்து மூன்று. கூடுவாஞ்சேரி உழவர் வீட்டிலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் புகுமுக வகுப்புப் படித்தவர் பொன்னுரங்கம். ஆங்கிலப் பாடத்தை அவர் வாசித்தபோது வகுப்பே சிரித்துவிட்டது. அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. ஒரு புதன்கிழமை, டிரங்குப் பெட்டியோடு நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தார்.

"வூட்டுக்கே போயிடறேன் மேடம். இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராது."

"போகலாம்பா. ரயிலுக்கு நேரம் இருக்கே, அதுவரைக்கும் மனசுல இருக்கறத எழுது. யாருக்கும் காட்ட வேணாம், எனக்கும்தான்."

எழுதினார். அதைத் தமக்கே உரக்க வாசித்துக்கொள்ளச் சொன்னீர்கள். அவர் சுவரைக் காட்டினார்.

"சைலன்ஸ்னு போர்டு கீதே மேடம்!"

நாற்காலி மேல் ஏறி, அந்தப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பினீர்கள். "இப்ப இல்ல. படி." அவர் குரல் உடைந்தது. "அழுதுட்டே படிப்பா. ஒண்ணும் அவசரமில்ல."

ரயில் போய்விட்டது. தங்கள் டிபன் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தில் பாதி அவருக்கு வந்தது. பெட்டி விடுதிக்கே திரும்பியது.

அதன்பின் புதன்கிழமை மாலைதோறும் பலகை சுவரைப் பார்த்தது. தேர்வில் தவறியோர், தந்தையை இழந்தோர், வீட்டு நினைவில் வாடியோர் வந்து எழுதினர். நூல்களில் தமக்குப் பிடித்த பக்கங்களை ஒருவருக்கொருவர் வாசித்தனர். "இது லைப்ரரியா, மார்க்கெட்டாம்மா?" என்று பேராசிரியர் சம்பந்தம் சீண்டினார். "மார்க்கெட்டுதான் சார். சுமைய எறக்கி வைக்க ஒரு எடம் வேணுமே!" என்றீர்கள். பின்னொரு துயர நாளில் அவரும் வந்து ஒரு தாள் கேட்டார்.

பெரிய உதவி செய்ய வழியில்லையே என்று தயங்கும் எங்களுக்கு, ஒரு தாளும் சற்றுப் பொறுமையும் போதும் என்று காட்டினீர்கள். அத்தகைய சிறு அன்பை இறைவன் வீணாக்குவதில்லை.

இம்மடலை வாசிக்க யாரை அழைப்பது என்று பேசியபோது வேறொரு பெயர் எழவேயில்லை. நிறைந்த இவ்வவையில் நின்று இதை உரக்க வாசித்துக் கொண்டிருப்பவர், நம் வேதியியல் விரிவுரையாளர் பொன்னுரங்கம்! இடையில் அவர் குரல் தடைபட்டால் அவையோர் பொறுத்திருக்க. அவசரமில்லை என்று அவருக்குச் சொன்னவர் தாங்களே.

நல்லுடலும் நிறைமனமும் பெற்று நெடுங்காலம் வாழ்க, அம்மையே! வரும் புதனன்றும் பலகையைத் திருப்பி வைப்போம்.

தங்கள் அன்பை மறவாத,
கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள்
தாம்பரம், 1975