அண்ணன் நிறுத்திய இடம்

"ஹலோ... ஹலோ, அண்ணி? ஓதீல்தான் பேசுறேன். கோவில்ல இருந்துதான்... ஆமா, ஆமா, பூசை முடிஞ்சிருச்சு... இல்ல, உங்க பிள்ளை உடம்புக்கு ஒண்ணுமில்ல. மேல ஆர்கன் முன்னாடி உக்காந்துட்டு இறங்க மாட்டேங்கிறான்."

பிரான்ஸின் பிரெஸ்த் நகரில் அன்று கல்லறைத் திருநாள். சாமந்திப் பூவும் ஈரக் கோட்டுமாக ஜனங்கள் கலைந்துவிட்டார்கள். கீழே பாடகர் குழு ஒரு வரி பாடி நிறுத்த, மேல் மாடத்திலிருக்கும் குழாய் ஆர்கன் எந்தத் தாளிலும் இல்லாததை அந்த நிமிடமே உண்டாக்கிப் பதில் சொல்வது அங்கே வழக்கம். தெயோஃபில் இறந்தபின் மகன் லோயிக் அந்த இடத்தில் இன்றுதான் முதல்முறை உட்கார்ந்தான். தெயோஃபிலின் தங்கை ஓதீல் அந்தக் குழுவில் பாடுபவள்.

"சொல்றேன், இருங்க... நாங்க பாடி நிறுத்தினோம். அவன் பதில் வாசிச்சான். அண்ணி, அது அண்ணன் வாசிச்சது! நம்ம நொல்வென் குட்டியை அடக்கம் பண்ணின அன்னிக்கு, பெத்த பொண்ணுக்கு வாசிச்சாரே, அதேதான். ஒரு சுரம் பிசகல... எப்படி மறப்பேன்?... ரெக்கார்டா? யாரு பண்ணினா? வாசிச்சதையே மறுபடி வாசிச்சா அது மனோதர்மம் இல்ல, பாடம் ஒப்பிக்கிறதுன்னு கத்துவாரே... ஆமா, ஆமா, இவன் அப்போ உங்க வயித்துல. அப்புறம் இவனுக்கு எப்படித் தெரியும்?... அழுகை முட்டி அண்ணன் பாதியில நிறுத்தினாருல்ல? இவனும் அங்கயே நின்னுட்டான். 'அத்தை, அப்பா என் கைக்குள்ள இருக்கார், இனி ஆர்கனைத் தொட மாட்டேன்'கிறான்... என்னது?... நீங்களா? இவனைத் தொட்டில்ல போட்டு அதையே பாடுவீங்களா?... அண்ணனுக்குத் தெரியாமயா?... அடி என் அண்ணி! நான் பேயின்னுல்ல பயந்தேன்... ம்... ம்... நீங்களும் அங்கதான் நிறுத்துவீங்களா?... ஆமா, அதுக்கு மேல யாரு கேட்டோம்..."

ஓதீல் மூச்சிரைக்கச் சுழல்படி ஏறினாள். லோயிக் இரண்டு கைகளையும் அக்குளில் திணித்துக்கொண்டு இருந்தான்.

"ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். பாடுங்க அண்ணி... வரலேன்னா முனகுங்க, போதும்... டேய், பேசாம கேளு. உங்கம்மா."

போனில் ஒரு தளர்ந்த குரல் முனகியது. அந்த இடம் வந்ததும் நின்றது.

"லோயிக்... அம்மா நிறுத்திட்டாங்கடா. இப்ப உன் முறை... அண்ணி, வெச்சிராதீங்க... கையை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டான்... கேக்குதா?... இது அண்ணன் இல்ல. நீங்களும் இல்ல... ஐயோ, தாண்டிட்டான் அண்ணி! தாண்டிட்டான்!... ஹலோ?... அண்ணி?..."

போன் இணைப்பு அறுந்திருந்தது. லோயிக் நிறுத்தவில்லை.