கட்டாரிக்கு வாழ்க்கைப்பட்டவள்

– முன்வாசல்ல நின்னுக்கிட்டு யாரைத் தேடறே? பின்பக்கமா வா.

– மேளத்தைத் தேடறேன், அத்தை. புது மருமக வந்தா மேளம் அடிப்பாங்க, பொம்பளைங்க கூடிப் பாடுவாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. எங்க சிந்துல அப்படித்தான்.

– இது சிந்து இல்லை, பாட்மேர். மேளக்காரனுக்குக் காய்ச்சல். போதுமா? கூட்டிட்டு வந்த மாமன் எங்க?

– வெளிய ஆம்பளைங்களோட உக்காந்திருக்கார். அபின் கரைச்சுக் குடுத்தாங்க.

– குடுப்பாங்க, குடுப்பாங்க. நாலு மடக்கு உள்ள போனா நாளைக்கு வரைக்கும் எந்திரிக்க மாட்டான். நல்லதுதான். எங்க, முக்காட்டைத் தூக்கு. ம்... கட்டாரிக்கு இந்த மூஞ்சி போதும்.

– என் பேரு மேகு, அத்தை.

– பேரை யாரு கேட்டா? சிந்துக்காரி. இந்த வீட்டுல அதான் உன் பேரு. எந்த வழியா வந்தே?

– கராச்சி, லாகூர், அட்டாரி, டெல்லி, ஜோத்பூர்... உடம்பெல்லாம் இன்னும் ரயில் ஆடுது. எங்க ஊருக்கும் இதுக்கும் நடுவுல நாலு மணல்மேடுதான். அதைத் தாண்ட ரெண்டு நாட்டையும் சுத்தி வரவேண்டியதாப் போச்சு.

– தண்டவாளத்தைச் சண்டையில பேத்தாங்க, திரும்பப் போடவே இல்லை. வந்தவ வந்ததுதான்னு வெச்சுக்கோ. அது என்ன மடியில, சிவப்புத் துணியில?

– நீங்க அனுப்பின கட்டாரி. அவருக்கு விசா கிடைக்கலைன்னு, அவருக்குப் பதிலா இந்தக் குத்துவாளை மணையில வெக்கச் சொன்னீங்களே. இதோடதான் அக்கினியைச் சுத்தினேன். எனக்கு விசா வர்ற வரைக்கும், ரெண்டு வருஷமா என் தலைமாட்டுல இருந்தது. எல்லையில சுங்கக்காரர் பிரிச்சுப் பாத்து, "என்னம்மா இது?"ன்னார். என் புருஷன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார்.

– சிரிக்காம?

– அவர் எங்க, அத்தை?

– வந்ததும் வராததுமா புருஷனைக் கேக்கறா பாரு, வெக்கங்கெட்டவ. முதல்ல என் பொண்ணைப் பத்திச் சொல்லு. உன்னைக் கட்டாரிக்குக் கட்டின அதே பந்தல்லதானே என் ஜதனை உங்கண்ணனுக்குக் கட்டினோம். எப்படி இருக்கா?

– அண்ணிக்கு ஆடியில குழந்தை பொறந்துச்சு. பையன்.

– பையனா! பாத்தியா, என் வயித்துல பொறந்தவ. நல்லாப் பால் குடிக்கிறானா?

– ஆட்டுப்பால் குடுக்கறோம்.

– ஏன், அவளுக்குச் சுரக்கலையா? எங்க வம்சத்துல அப்படிக் கிடையாதே. நீங்க சோறு ஒழுங்காப் போட்டிருக்க மாட்டீங்க. இரு, இரு. உன் காலுல என்ன? அது என் பொண்ணு தண்டை இல்லை?

– அண்ணிதான் மாட்டிவிட்டாங்க.

– அட! நாத்தனாருக்கு வெள்ளியைக் கழட்டிக் குடுக்கறான்னா, கொத்துச்சாவி அவ இடுப்புலன்னு அர்த்தம். வாழறா. என் பொண்ணு ராணியா வாழறா. சரி, நீ கையை நீட்டு. வளையலைக் கழட்டு.

– கல்யாணத்துக்குப் போட்ட யானைத்தந்த வளையல், அத்தை. புருஷன் இருக்கறப்ப...

– அதான் சொல்றேன். கழட்டு.

– அவர் எங்க?

– சுடுகாட்டு வேப்பமரத்தடியில. கல்லு ஏத்திட்டு வந்த லாரி கவிழ்ந்துச்சு. என் ஹமீரு அடியில கெடந்தான். இப்ப மேளம் ஏன் அடிக்கலைன்னு தெரிஞ்சுதா?

– எப்போ?

– கட்டாரி இங்கேருந்து கெளம்பறதுக்கு முந்தின வாரம்.

– அப்போ... நான் செத்தவருக்கா மாலை போட்டேன்?

– கட்டாரிக்குப் போட்டே. அது சாகாது. என்னடி முறைக்கிறே? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற சம்பந்தம். ஹமீரு போயிட்டான்னு சொல்லியிருந்தா உங்கப்பா என்ன பண்ணியிருப்பார்? அங்க இருக்கறவங்க எல்லாம் உங்களுக்கு ஒரே குலம், அண்ணன் தங்கச்சி முறை. உனக்கு மாப்பிள்ளை வேணும்னு உங்கண்ணனை வேற வீட்டுல மாத்தியிருப்பார். என் ஜதனுக்கு எத்தனை வரன் தட்டிப்போச்சு தெரியுமா? ஒண்ணை எரிச்சுட்டு வந்தேன். இன்னொண்ணாவது வாழட்டும்னு நெனச்சேன்.

– என்னை எரிச்சு.

– ஆமா, உன்னை எரிச்சுத்தான். நீ என்ன நான் பெத்ததா? நாளையிலேருந்து திருகைக்கல்லு உன்னோடது, ஆட்டுக்கொட்டில் உன்னோடது. கறுப்பு முக்காடு எடுத்து வெச்சிருக்கேன். மாமன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னே, உங்கண்ணன் என் பொண்ணைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுவான். அந்தக் கைக்குழந்தைக்காகவாவது வாயை மூடிக்கிட்டுக் கெட.

– அண்ணிக்கு இது தெரியுமா?

– தெரியாம? அண்ணன் சாம்பல் ஆறலை, அவ கையில நான் மருதாணி வெச்சேன். வாயைத் திறந்தா இதே கட்டாரியில கழுத்தை அறுத்துக்குவேன்னு சத்தியம் வாங்கித்தான் அனுப்பினேன். அழுதுக்கிட்டே போனா. பொறந்த வீட்டைப் பிரியற அழுகைன்னு ஊரே நெனச்சுது.

– திறக்கலை, அத்தை. கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலை.

– என் பொண்ணுடி அவ... கடைசி வரைக்கும்னா? ஏய், என்ன சொன்னே? வளையலைக் கீழ போடு, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

– பிரசவத்துல ரத்தம் நிக்கலை, அத்தை. உங்களுக்குத் தெரிஞ்சா என்னைச் சேத்துக்க மாட்டீங்கன்னு எங்கப்பாவும் சத்தியம் வாங்கித்தான் அனுப்பினார். உயிர் போற நேரத்துல அண்ணி தண்டையைக் கழட்டி என் காலுல மாட்டிவிட்டாங்க. மாட்டின காலை விடாமப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சுடு மேகு, மன்னிச்சுடுன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்தாங்க; எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது.