ஞாயிறு 11.40

இரண்டு நாள் பயணத்துக்கு எத்தனை உடை எடுப்பது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் முடிவு ஏற்படவில்லை. மூன்று போதும் என்கிறேன் நான். ஐந்து என்கிறாள் அவள். எப்படியும் ஐந்தில்தான் வந்து நிற்போம். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் பேச்சு எடுபடும் ஒரே இடம் கால அட்டவணை.

நான் ஒரு பள்ளியில் உதவித் தலைமையாசிரியர். பெயருக்குக் கணக்கு வாத்தியார். உண்மையான உத்தியோகம் டைம் டேபிள் போடுவது. இருபது வருடமாகப் போடுகிறேன். விடுமுறை முழுக்க உட்கார்ந்து அழித்து அழித்து எழுதுவேன். பள்ளி திறந்த முதல் நாளே ஒருவருக்கு வயிற்றுவலி, இன்னொருவருக்கு மச்சினன் கல்யாணம். அவ்வளவுதான், என் அட்டவணை பல்லிளித்துவிடும். உடனே சப்ஸ்டிட்யூஷன் நோட்டை எடுத்து, வராதவர் வகுப்புக்கு வேறொருவரை அனுப்புவேன். பாடம் நடக்கிறதோ இல்லையோ, வகுப்பில் ஆள் இருக்க வேண்டும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பெல்லு. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

போன வருடம் ஒருநாள், "ஸ்கூல் ஆண்டு விழாவைத் தவிர என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்து மாதம் திட்டம் போட்டேன். தென்கிழக்கே கடலோரத்தில் ஒரு குட்டி நாட்டின் தலைநகர். தலைநகர் என்று பெயரே தவிர, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே பீரியடில் நடந்துவிடலாம். அதனால்தான் எனக்குப் பிடித்தது. வெள்ளி மாலை போய் இறங்கி, ஞாயிறு மதியம் 2.40 விமானத்தில் திரும்புவது. இடைப்பட்ட நேரத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக நறுக்கி எழுதினேன். 'காற்று வாங்குதல், இருபது நிமிடம்' என்றுகூட ஒரு வரி உண்டு. மனைவி அதைத் தன் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினாள். அம்மாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவள் கைப்பேசி விடுதி அறையின் லாக்கரில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. என்னுடையது மட்டும் அவசரத்துக்கு என் சட்டைப்பையில், சத்தமில்லாமல்.

சனிக்கிழமை காலை 10.10. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சிப்பிக் கடை. என் மாமியாருக்குப் பார்வை மங்கிவிட்டது, ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். அதனால் காற்றில் ஒலிக்கும் சிப்பிச் சரம் ஒன்றை மனைவி காதோரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டைப்பை அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். மாமியாரின் பக்கத்து வீட்டு டெய்லரம்மா.

"தம்பி, உங்க அத்தைக்கு மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. இன்னைக்கோ நாளைக்கோங்கறாரு. மகளைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உடனே கிளம்பி வாங்க."

அந்த 2.40 விமானம் தினமும் உண்டு. இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு இடம் இருந்தது. இதை உங்களிடம் நான் மறைக்கவில்லை. மாலை ஏழு மணிக்கெல்லாம் அவள் அம்மாவின் பக்கத்தில் இருந்திருப்பாள்.

ஆனால் திட்டம் அதுவரை ஒரு நிமிடம் பிசகவில்லை. இருபது வருடத்தில் முதல் முறையாக நான் போட்ட ஓர் அட்டவணை போட்டபடியே நடந்துகொண்டிருந்தது. டைம் டேபிள் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். கடைக்குள்ளிருந்து அவள் வேறொரு சரத்தை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. கை பழகிய வேலையைத் தானாகச் செய்தது. என் தங்கைக்குப் போன் போட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி அவள் வீட்டிலிருந்து அரை மணித் தூரம். அவளுக்கு அச்சு அசல் என் மனைவியின் குரல். போனில் மாமியாரே ஏமாந்து, 'சாப்டியாடி?' என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

"நீ போய்ப் பக்கத்துல உக்காரு. அவங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே. 'அம்மா, நான் வந்துட்டேன்'னு சொல்லு, போதும்."

"என்னண்ணா, விளையாடறியா?"

"இங்க டிக்கெட் கிடைக்கல."

போனாள். டெய்லரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். பதினொன்றரை மணிக்கு என் வகுப்பில் ஆள் இருந்தது.

12.50க்குக் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "அண்ணா, என் கையைப் பிடிச்சுத் தடவிப் பார்த்தாங்க. அண்ணி கட்டைவிரல்ல குக்கர் சுட்ட தழும்பு இருக்கில்ல, அதைத் தேடறாங்க. 'நீ யாரும்மா, என் பொண்ணு எங்க?'ன்னு கேக்கறாங்க. எப்படியாவது அண்ணியைக் கூட்டிட்டு வந்துடு."

அந்த ஊரில் விமான நிலையம் பத்து நிமிடத் தூரம்தான். நான் சொன்ன பதிலை அப்படியே சொல்லிவிடுகிறேன். "கையைக் குடுக்காத. பேசிட்டே இரு." சப்ஸ்டிட்யூஷனுக்குப் போகும் புது டீச்சர்களுக்கு நான் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்.

மதியம் படகில் போனோம். மாலை படகுத்துறை பெஞ்சில் காற்று வாங்கினோம். அவள் ஆசைப்பட்டாள் என்பதற்காக இருபது நிமிடத்தை ஐம்பதாக்கினேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மாமியார் போய்விட்டார். 11.40க்கு அதே பெஞ்சில் வைத்து, "இப்பத்தான் போன் வந்துச்சு. காலையில திடீர்னு முடியாமப் போய், ஆஸ்பத்திரியிலயே..." என்றேன். அவள் கத்திய கத்தலில் படகுக்காரர்கள் ஓடி வந்தார்கள். பார்க்க வேண்டிய இடமெல்லாம் அதற்குள் பார்த்து முடித்திருந்தோம். விமானத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்பியதும் டெய்லரம்மாவைத் தனியே கூப்பிட்டு, "சனிக்கிழமையே சொன்னீங்கன்னு அவகிட்டச் சொல்லிடாதீங்க. டிக்கெட் கிடைக்காம நான் மறைச்சு வச்சது தெரிஞ்சா தாங்கமாட்டா," என்றேன். "உங்களை மாதிரி மாப்பிள்ளை கிடைக்க அவங்க குடுத்து வச்சிருக்கணும்," என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி என் தங்கையைக் கட்டிக்கொண்டு, "நீயாவது கூட இருந்தியே," என்று அழுதாள். அதற்குப் பிறகு தங்கை எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. "அண்ணிகிட்ட நீயே சொல்லிடு," என்று மாதம் ஒருமுறை போனில் சொல்கிறாள். அதற்கும் ஒரு நேரம் ஒதுக்கத்தான் பார்க்கிறேன். காலி பீரியடே கிடைக்க மாட்டேன் என்கிறது.

சிப்பிச் சரம் எங்கள் சமையலறை ஜன்னலில் தொங்குகிறது.

இப்போது மறுபடியும் அதே ஊர், அதே இரண்டு நாள். அவள்தான் போக வேண்டும் என்றாள். நேற்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அம்மாவுக்கு முடியலன்னு முதல் போன் வந்தப்ப மணி என்ன? நாம எங்க இருந்தோம்? அன்னைக்கு அழுததுல எனக்கு எதுவும் நினைவில்ல. சரியாச் சொல்லுங்க. அதே நேரத்துக்கு அதே இடத்துல உக்காந்து, வர முடியாமப் போச்சும்மான்னு சொல்லணும். நீங்கதான் நேரத்துல தப்பு விடமாட்டீங்களே."

பென்சிலை எடுத்து 'ஞாயிறு 11.40, படகுத்துறை பெஞ்சு' என்று எழுதினேன். சனிக்கிழமை 10.10, சிப்பிக் கடை என்பதுதான் சரி. இருபது வருடத்தில் நான் போட்ட அட்டவணைகளில் தவறான நேரம் இது ஒன்றுதான். அந்த உறுத்தல் தாங்காமல்தான் இவ்வளவையும் உங்களிடம் சொல்கிறேன்.