கறி தொடாதவங்களுக்கு மட்டும்

— அதெப்படி அண்ணி? ஞாயித்துக்கிழமை கோழிக்கறிய வழிச்சு வழிச்சுச் சாப்பிட்ட நானும் அண்ணனும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். பல்லு வலின்னு ஒரு துண்டுகூட வாயில வைக்காத அப்பா மூணு நாளா ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. காரம்னு தொடாத உங்க பாப்பா இப்பதான் எழுந்து உக்காருது.

— அதான் எனக்கும் புரியல.

— இதுல புரிய என்ன இருக்கு? நான் உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க சமையக்கட்டு சுத்தமில்ல. நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆனதும் அப்பாவ என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு.

— சேத்த அன்னிக்கே சொன்னியே, ஆஸ்பத்திரி வராந்தாவுல, நர்சுங்க காதுல விழ. மாமா அந்த நெலமையிலயும், ‘எட்டு வருஷமா மருமக கையாலதான் சாப்பிடுறேன்’னு முனகினாரு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல.

— நான் என்ன, இல்லாததயா சொன்னேன்?

— ஒரு நிமிஷம் இரு. ஒண்ண மறைச்சுட்டேன். எனக்கும் அன்னிலேர்ந்து வயித்தால போகுது.

— என்னது! மூச்சே விடலையே நீங்க?

— எப்படி விடுவேன்? உன் பேச்சுக்கு நானே சாட்சி சொல்லணுமா? சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு குழாயத் திறந்து விட்டுட்டு உக்காந்திருந்தேன்.

— ஆனா நீங்கதான் கறி சாப்பிட்டீங்களே. சுத்தமா குழம்புது.

— இல்ல, இங்கதான் பிடி கிடைக்குது. தையல் மெஷின் நின்னுபோச்சுன்னு யாராவது என்கிட்ட ரிப்பேருக்குக் கொண்டு வந்தா, நான் முழுசா கழட்ட மாட்டேன். ஒழுங்கா ஓடுற பாகத்த முதல்ல ஒதுக்கிடுவேன். கறி உனக்கும் உங்கண்ணனுக்கும் ஒண்ணும் பண்ணல. கறிய விடு. மாமா, பாப்பா, நான், மூணு பேரும் சாப்பிட்டு, நீங்க ரெண்டு பேரும் தொடாதது எது?

— சோறு எல்லாரும்தான். தயிர் எல்லாரும்தான். பப்பாளி! எனக்கு அந்த வாசனையே ஆகாது. அண்ணன் வயிறு ரொம்பிடுச்சுன்னுட்டான்.

— பாப்பா மிச்சம் வெச்ச ரெண்டு துண்ட நான் வாயில போட்டுக்கிட்டேன்.

— பாத்தீங்களா, பப்பாளி கெட்டுப்போச்சு. நீங்க வெட்டினதுதானே?

— நான்தான். முந்தின நாள் சாயங்காலம் வெட்டி நடுத்தட்டுல வெச்சேன். மூடாம வெச்சது என் தப்பு. ஆனா ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரே ராத்திரியில அது தானா இப்படி ஆகாதே. மேல இருந்து ஏதாவது விழுந்திருக்கணும்.

— மேல என்ன விழும்? அன்னிக்கு ராத்திரி நான்தானே ஃப்ரிட்ஜ அவ்வளவு அழகா அடுக்கிக் குடுத்தேன். எங்க மருந்துக்கடையில சீக்கிரம் எடுக்க வேண்டியத கண்ணுக்கு நேரா வைப்போம். மறுநாள் முதல்ல சமைக்கிறது கோழி. அதப் போய் அடியில தள்ளி வெச்சிருந்தீங்க.

— எதுல வெச்சிருந்தேன்?

— ஓட்டைக் கூடையில, தண்ணி வடியட்டும்னு. கீழ ஒரு பிளேட்டு. தூக்கி மேல வெச்சேன். உயரம் இடிச்சுது, பிளேட்ட எடுத்துட்டு...

— சொல்லு.

— கூடைய மட்டும் வெச்சேன்.

— மேல் தட்டு கம்பித் தட்டு.

— ஐயோ. சொட்டியிருக்கு, அண்ணி.

— ஆமா, பச்சைக் கறித் தண்ணி. கறியில இருந்த கிருமி அடுப்புல வெந்து செத்துடுச்சு. பப்பாளிய யாரு வேக வெப்பா?

— ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் குடுக்குறவ நான். எங்கப்பாவ நானே... உங்க மூஞ்சியப் பாக்க முடியல. நாலு வார்த்த திட்டுங்களேன்.

— திட்டி என்ன ஆகப் போகுது? நானும்தான் மூடி போடல.

— வேண்டாம், இதுல பங்குக்கு வராதீங்க. எல்லார் முன்னாடியும் கத்தினவ நான். நாளைக்கு அதே வராந்தாவுல, அந்த நர்சுங்க முன்னாடி, அப்பாகிட்ட நானே சொல்றேன். அவர் இங்கயே இருக்கட்டும்.

— சரி, உக்காரு. இப்ப யாருக்கு அவசரமா போன்?

— எங்க வீட்டுக்கு. அங்கயும் அடுக்கி வெச்சது நான்தானே... ஏங்க, நேத்து வாங்கின கறிய நான் சொல்லிக்குடுத்த மாதிரி மேல்தட்டுலயா வெச்சீங்க? முதல்ல கீழ இருக்கிற பழத்தக் குப்பையில கொட்டுங்க, பிள்ளைங்க கை வைக்கறதுக்குள்ள. ஃப்ரிட்ஜ் தட்டெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கறிய மூடி போட்ட டப்பாவுல மாத்தி அடித்தட்டுல வைங்க. வேக வைக்காம அப்படியே சாப்பிடுறது எதுவா இருந்தாலும் மூடி, கறிக்கு மேல இருக்கிற தட்டுல வைங்க.