மாமன் கட்டாத ஏணை

“ஹலோ... ஹலோ... உப்பளக் கந்தோரோ?... ஓம், கொஞ்சம் பொறுங்கோ, றிசீவரை மற்றக் கைக்கு மாத்திறன். வலக்கை தூக்க ஏலாமக் கிடக்கு.”

கோதுமை மாக்கப்பல் துறைக்கு வந்த நாளிலிருந்து மூட்டை சுமந்த தோள். கழுத்தைத் திருப்பினால் முதுகின் அடிவரைக்கும் சுண்டி இழுத்தது. துறைமுகச் சாமான் கொட்டிலின் காவற்காரர் அபூதாஹிர் நானா மேசையிலிருந்த தொலைபேசியை யோகராசாவின் பக்கம் தள்ளிவிட்டு, வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையும் இழுத்துப் போட்டிருந்தார். யோகராசா அதில் இருக்கவில்லை.

“கிளாக்கர் யோகலிங்கத்தோட கதைக்க வேணும்... நான் அவற்ற மச்சான். தங்கச்சியின்ர புருசன்... ஓம், ஓம், அந்த மூட்டை தூக்கிற மச்சான்தான். கூப்பிடுங்கோ.”

அன்று விடியற்காலை யோகராசாவின் பிள்ளை செத்துப்போயிருந்தது. மழைக்கு வீட்டு நிலம் ஊறிச் சேறாகிவிட, தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒரே இரும்புக் கட்டிலில் படுத்தார்கள். வேலைக் களைப்பும் சாராயமும் சேர்ந்து மரக்கட்டையாய்க் கிடந்தவனின் கைக்குக் கீழே பிள்ளை கிடந்தது. மனைவி பூரணி திடுக்கிட்டு எழும்பித் தொட்டபோது அது குளிர்ந்திருந்தது. அதைப் பிள்ளையின் தாய்மாமனுக்குச் சொல்லத்தான் அவன் இந்த மழையில் நடந்து வந்தான். ஆனால் மறுமுனையில் யோகலிங்கம் தொண்டையைச் செருமிய சத்தம் கேட்டதும் அவனுடைய நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

“மச்சான்... ஓம், யோகராசாதான்... இல்லை, காசு கேக்க எடுக்கேல்லை, பயப்பிடாதேங்கோ... பூரணியோ? இருக்கிறா. படுத்திருக்கிறா... பிள்ளையோ?”

றிசீவரை வாயோடு நெருக்கிப் பிடித்தான்.

“பிள்ளை நித்திரை.”

சாவைச் சொல்லித் தொலைபேசி கேட்டவனை அபூதாஹிர் நானா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

“ஏணையிலயோ எண்டு கேக்கிறீங்களோ? நல்ல கேள்வி. ஏணைக்கு நான் எங்க போறது மச்சான்? நீங்கள் கட்டினாத்தானே ஏணை.”

பூரணி வீட்டாரின் வழக்கம் அது. பிள்ளை பிறந்த துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாள் தாய்மாமன் புதுச்சீலை கொண்டுவந்து, கூரை வளையில் தன் கையால் ஏணைத் தொட்டில் கட்டி, பிள்ளையை முதன்முதல் அதில் கிடத்த வேண்டும். அதுவரைக்கும் பிள்ளை தாயோடுதான் படுக்கும். யோகலிங்கம் வராமல் இல்லை. சீலைப் பையோடு வாசலில் வந்து நின்றான். இருந்த கதிரைகளையெல்லாம் துறைமுகக் கூட்டாளிகள் பிடித்திருந்தார்கள். “மச்சானுக்கு ஒரு உப்பு மூட்டையை உருட்டி விடுங்கடா, அவருக்கு அதில இருந்துதான் பழக்கம்” என்று யோகராசா பகிடி விட்டான். சபை முழுக்கச் சிரித்தது. பையோடு திரும்பிப் போனவன்தான், யோகலிங்கம் பிறகு அந்தப் படலையை மிதிக்கவில்லை.

“ஓம்... ஓம்... அது பகிடி மச்சான்... ஓம், சபையில சொன்னதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை... இப்ப என்ன செய்ய வேணும், சொல்லுங்கோ... அதே ஆக்களுக்கு முன்னால மன்னிப்போ? கேக்கிறன்... காலில விழவோ? விழுறன். உங்கட செருப்பைக் கழட்டாமலே நில்லுங்கோ, விழுறன்... இல்லை, நக்கலில்லை. பத்திரகாளி அம்மாளாணைச் சொல்லுறன்.”

நானா கையை அசைத்து, சொல்லு, விசயத்தைச் சொல்லு என்று சைகை காட்டினார். யோகராசா அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

“கேளுங்கோவன் மச்சான், உங்கட மருமகன் இப்ப எங்க படுக்கிறவர் தெரியுமோ? எங்கட நடுவில. ஒரு ஆள் படுக்கிற கட்டில்... கீழயோ? கீழ தவளை படுக்குது. பாயை விரிச்சா மிதக்கும்... ஓம், எனக்கும் பயம்தான். நான் படுத்தாப் பிரேதமெல்லோ. பூரணி விடியுமட்டும் குந்திக்கொண்டிருப்பா. ‘கையை அங்கால எடுங்கோ, பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது’ எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா. ஒரு மனிசி எத்தினை நாளைக்கு முழிச்சிருப்பா?... ஓம். அவவும் ஒருநாள் கண்ணயருவாதானே.”

மறுமுனை இப்போது சூடேறிவிட்டது. யோகராசா றிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

“ஓம்... ஓம்... படிச்ச ஆள், நீங்கள் புத்தி சொல்லத்தான் வேணும்... மாடு மாதிரிப் பிரண்டு படுக்காதை எண்டோ? சரி... குடிச்ச நாளில பிள்ளைக்குப் பக்கத்தில போகாதை எண்டோ? சரி... வாங்குப் பலகையில போய்ப் படு எண்டோ? நல்ல புத்தி மச்சான். நேற்றுச் சொல்லியிருக்கலாம்... இல்லை, ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ.”

பிறகு, அவன் காத்து நின்ற வார்த்தை வந்தது.

“என்ன?... நாளைக்கோ? நாளைக்கு வாறீங்களோ?... உங்கட கையாலயே?... அந்தச் சீலை இன்னும் கிடக்குதோ? என்ன நிறம்?... மஞ்சள். அவருக்கு வடிவா இருக்கும்... வெள்ளிக் காப்பும் செய்விச்சனீங்களோ? எப்ப?... ஆ... அண்டைக்கே அந்தப் பையுக்குள்ள இருந்ததோ.”

தோள்வலி பல்வரைக்கும் ஏறி நின்றது. இனி இறக்கலாம் என்று யோகராசா நினைத்தான். பகையாளியின் முதுகில் மூட்டையை எப்படி வைப்பது என்று துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் நிமிர்ந்து நிற்கும்வரை பார்த்திருந்து, முழுப் பாரத்தையும் ஒரேயடியாக விடவேண்டும்.

“மச்சான், நாளைக்கு வராதேங்கோ. நாளைக்கு வந்தா மண்ணைத்தான் பாப்பீங்கள்... ஓம்... செத்துப்போச்சு. விடியப்புறம்... பகிடியில்லை. பகிடி எல்லாம் முடிஞ்சுது... ஓம், நித்திரை எண்டுதான் சொன்னனான். நீங்கள் வாறன் எண்டு சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான். உங்கட வாயால ஒருக்காக் கேக்க வேணும் எண்டு ஆசை... அழாதேங்கோ மச்சான். கந்தோரில ஆக்கள் பாப்பினம். உங்களுக்கு மரியாதையெல்லோ பெரிசு. ஒரு கதிரைக்காக மருமகனைக் கட்டிலில போட்ட ஆளெல்லோ நீங்கள்.”

சிரிப்பும் வந்தது அவனுக்கு. அபூதாஹிர் நானா, “அல்லாஹ்வே” என்று வாய்க்குள் சொன்னது காதில் விழுந்தது.

“... என்ன?... ஆற்ற கையோ?”

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு மறுமுனையில் அழுகைச் சத்தம் இல்லை.

“என்ர கைதான்... ஓம், வலக்கை... ஓம், குடிச்சனான். கப்பல் முடிஞ்ச நாள், எல்லாரும்தான் குடிச்சவை... அதை விடுங்கோ, நீங்கள் வந்து கட்டியிருந்தா... என்ன?... அவள் ஏன் கட்டேல்லையோ? அவள் எப்பிடிக் கட்டுறது? உங்கட வழக்கமெல்லோ... ஆரிட்ட?... மீன்காரி கமலேஸ்வரியிட்டயோ?... என்னெண்டு சொல்லி விட்டனீங்கள்?”

அவனுடைய வலக்கை தானாகவே கதிரையைத் தேடியது.

“... ‘என்ர பேரைச் சொல்லி நீயே கட்டு, எனக்குக் கோவமில்லை’ எண்டோ... போன கிழமையோ...”

போன கிழமை அவன் வேலையால் வந்தபோது பூரணி தன் பழஞ்சீலையை வளையில் எறிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. அவன் எட்டி அந்த முடிச்சை அவிழ்த்தான். சீலையைச் சுருட்டிச் சேற்றில் எறிந்தான். “நீ கட்டினா உன்ர கொண்ணன் தப்பிடுவான். அவன் வந்து இந்த வாசலில குனியுமட்டும் பிள்ளை கட்டிலில கிடக்கட்டும்” என்றான். பூரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “வாயைப் பொத்து” என்றான். அவள் பொத்திக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு அந்தக் கதையையே அவள் எடுக்கவில்லை. இரவில் கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து அவனுடைய கையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“... எனக்குத் தெரியாது மச்சான்... அவள் சொல்ல வந்தவள். நான் விடேல்லை... ஓம்... கட்டினவள். கட்டினதை அவிட்டது நான்... ஓம்... ஓம்... நான்தான்.”

மழை தகரத்தில் இரைந்தது. யோகராசா கதிரையில் இருந்துவிட்டான். றிசீவர் காதோடு ஒட்டிக்கிடந்தது.

“ஏசுங்கோ... ஓம்... ஏசுங்கோ... அவளைக் கூட்டிக்கொண்டு போகவோ? கூட்டிக்கொண்டு போங்கோ. விடியத்தொட்டு என்ர முகத்தைப் பாக்கிறாளில்லை. பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்... ஓம், படுத்திருக்கிறா எண்டது பொய்... மச்சான், வரேக்க அந்த மஞ்சள் சீலையைக் கொண்டு வாங்கோ. சுத்திப் புதைக்க வீட்டில நல்ல துணியில்லை. பழஞ்சீலை... அது நான் எறிஞ்ச சேற்றிலதான் இன்னும் கிடக்கு... மச்சான்?... ஹலோ... ஹலோ...”

மறுமுனையில் றிசீவரை வைத்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அபூதாஹிர் நானா வந்து, “வீட்ட போ தம்பி, அந்தப் புள்ளையத் தனிய விடாத” என்று சொல்லி, றிசீவருக்காகக் கையை நீட்டினார். யோகராசா கொடுக்கவில்லை. வலக்கையை மடியில் கிடத்திக்கொண்டு, யாருமில்லாத அந்தத் தொலைபேசி இரைச்சலுக்குச் சொன்னான்.

“மச்சான்... உங்களிட்ட ஒண்டும் வரவேண்டியதில்லை... நீங்கள் சொல்லி விட்டதோட தந்திட்டீங்கள். பூரணிக்கு ஒரு ஏணை, நான்தான் கடன்.”