டென்சில் கிட்டோவோடு ஒரே கொட்டகையில்

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தேநீர் நன்றாக இருக்கிறது, சார்ஜென்ட். கோப்பையின் விளிம்பில் கறை இல்லை. எங்கே போனாலும் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கறை இருந்தால் குடிக்காமல் வைத்துவிடுவேன். கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். அடுத்தவரை நோகடிப்பது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் அம்ப்ரோஸ் நான்ஸ். ரயில்வேயில் ஷன்ட்டர். மேட்டில் தோண்டுகிற வெள்ளைக் களிமண்ணைத் துறைக்கு இறக்குகிற யார்டில் வேகன்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் என் வேலை. அந்த மண் போகாத இடமில்லை. காகிதத்தில் இருக்கிறது, இந்தக் கோப்பையில் இருக்கிறது, வயிற்றுவலி மருந்திலும் இருக்கிறது. காய்ந்திருந்தால் முகப்பவுடர் மாதிரி இருக்கும். இந்தக் கார்ன்வால் மழை பட்டுவிட்டால் சளி மாதிரி ஆகிவிடும். பூட்ஸில், காற்சட்டையில், நகக்கண்ணில் எல்லாம் அப்பிக்கொள்ளும். நான் அதைப் பொறுத்துக்கொண்டேன். மண்ணுக்கு உயிர் இல்லை. அது வேண்டுமென்று செய்வதில்லை.

டென்சில் கிட்டோ என்னோடு வேலை பார்த்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கொட்டகை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு நிலக்கரி அடுப்பு. என்னைவிட மூத்தவன், பருத்த உடம்பு, வலது முழங்கால் மடங்காது. யார்டில் அவனைப் பிடிக்காதவர்களே கிடையாது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவன் கெட்டவன் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

அவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பொய்ப்பல் ஈறில் உரசுகிறது என்று கழற்றி மேசையில் வைத்துவிடுவான். என் கோப்பைக்குப் பக்கத்தில். பிறகு மதியத்துக்குக் கொண்டுவந்த பேஸ்டியை, அந்த அடைத்துச் சுட்ட பணியாரத்தை, வாய்க்குள் வைத்து மென்மையாகும்வரை ஊறவைப்பான். மாவும் இறைச்சியும் கிழங்கும் கூழாகி இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போவது தெரியும். அப்படியே பேசுவான். துணுக்கு ஒன்று பறந்து என் சட்டைமேல் விழுந்தால், தன் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அவனே துடைத்துவிடுவான்.

“அசையாம இருடா ராசா. ஆச்சு, போயிடுச்சு பாரு.”

துணுக்கு போய்விடும். ஈரம் இருக்கும். அன்று முழுவதும் அந்த இடத்தில் துணி என் தோலைத் தொடாதபடி நடப்பேன்.

இருமினால் அடுப்புக்குள் துப்புவான். அது கங்கின்மேல் சீறும். அந்த வாசனைக்கு ஒரு பெயர் இல்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா இறந்தபோது டென்சில் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் மூக்கு என் கழுத்தில் இருந்தது. “அழுதுடுடா, அடக்கிவைக்காத” என்றான். எனக்குக் கண்ணீர் வந்ததும் உண்மை. துக்கம் என்று நினைத்துக்கொண்டான். அந்தச் சட்டையைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன், பிறகு எரித்துவிட்டேன். இன்னொரு தடவை எனக்குக் காய்ச்சல். அவனே சூப் வைத்து எடுத்துவந்து, சூடு சரியா என்று ஒவ்வொரு கரண்டியையும் தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஊட்டினான். எழுந்து போக எனக்குத் தெம்பில்லை. கிண்ணம் காலியாகும்வரை விழுங்கினேன்.

மாற்றல் கேட்டிருக்கலாமே என்றீர்கள். கேட்டால் காரணம் சொல்லவேண்டியிருக்கும். அது அவன் காதுக்குப் போனால் மனிதன் உடைந்துபோயிருப்பான். அதை எப்படிச் செய்வது?

அதனால் காத்திருந்தேன். எங்கள் வேகன்களுக்கு ஆயுள் முடிந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மரப்பெட்டி, மேலே தார்ப்பாய்க் கூடாரம், வாக்குவம் பிரேக். நாட்டில் மற்ற இடங்களில் இந்த மாதிரிச் சரக்கு ரயில்களைக் கிட்டத்தட்ட எல்லாம் ஒழித்துவிட்டார்கள். எங்கள் துறைமுகத்தில் வேகனைக் கவிழ்க்கிற மேடைக்குப் புதிய வண்டிகள் பொருந்தாததால் எங்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். பலகை மக்கிப்போய், பிரேக் சிலிண்டர்கள் கசிந்து, பழுதுபார்க்கப் பாகம் கிடைக்காமல் நொண்டிக்கொண்டு ஓடின. குளிர்காலத்துக்குள் காற்றழுத்த பிரேக் உள்ள பெரிய இரும்பு வண்டிகள் வருகின்றன என்று கடைசியில் செய்தி வந்தது. எங்கள் கொட்டகையை இடிப்பார்கள். ஆட்களைக் குறைப்பார்கள். டென்சில் ஓய்வு வாங்கிக்கொண்டு பிளைமவுத்தில் தங்கை வீட்டுக்குப் போவான் என்று பேச்சு. அந்த ஆண்டு முழுக்க நான் உற்சாகமாக இருந்தேன். விசில் அடித்தேன் என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஓர் அக்டோபர் மதியம். அவன் பல் மேசையில் இருந்தது. வாய் நிறையப் பேஸ்டி.

“ஒரு சேதி சொல்லட்டா? பன்ட்டைப் பாத்துட்டு வந்தேன்.” பன்ட் எங்கள் மேலாளர். “புது யார்டுல ரெண்டு பேருக்குத்தான் வேலையாம். ஒண்ணு உனக்கு. இன்னொண்ணுக்கு வெளியூர்க்காரன் எவனையோ போடறதா இருந்தாங்க. நான் சும்மா விடுவனா? ஓய்வும் வேணாம் ஒண்ணும் வேணாம், அம்ப்ரோஸைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்னுட்டேன்.”

“தங்கச்சி வீட்டுக்குப் போறதா இருந்தியே” என்றேன்.

“அவ கெடக்கா. உனக்கு யாருடா இருக்கா, என்னை விட்டா?” என் தொடையில் தட்டினான். “புதுக் கொட்டகையைப் பாத்தேன். தீப்பெட்டி மாதிரிதான் இருக்கு. என்ன, ஒட்டி உக்காந்துக்குவோம்.”

சிரித்தான். ஈறு முழுவதும் கூழ். நானும் சிரித்தேன். நன்றி என்று சொன்னதாகக்கூட நினைவு.

வாக்குவம் பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள். எளிதான விஷயம்தான். ரயில் நெடுக ஒரு குழாய் ஓடுகிறது. என்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சிவைத்திருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். குழாயைப் பிரித்தால் காற்று உள்ளே புகுந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் நிரந்தரமாகப் பிடிக்காது. சிலிண்டருக்குள் மிச்சமிருக்கிற வெற்றிடம் கசியக் கசியப் பிடி தளரும். அதனால் சரிவில் நிற்கிற வேகன்களுக்குக் கை பிரேக்கை அழுத்திப் பூட்டியே ஆகவேண்டும். வேண்டுமென்றே பிரேக்கைத் தளர்த்த ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் ஒரு கம்பி உண்டு; நாங்கள் கயிறு என்போம். இழுத்தால் வேகன் ஒரு பெருமூச்சு விடும். பிறகு அதை நிறுத்தி வைக்க ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, சரிவில் ஒரு முழு ரயில் நின்றது. பாதியைக் கழற்றி முதலில் துறைக்கு அனுப்பவேண்டும். மேல்பாதியின் கை பிரேக்குகளைப் பூட்டுவது அன்று டென்சிலின் வேலை. மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டினான். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவன் வேலையில் குறை இல்லை.

அவன் கீழே போய் இணைப்பைக் கழற்றுவதற்குள் நான் அந்தப் பக்கமாக வந்து, அவன் பூட்டிய கை பிரேக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கயிறுகளையும் இழுத்துவிட்டேன். மேல்பாதியில் எல்லாவற்றுக்கும் கீழே, அவன் பக்கம் இருந்த வேகன் மட்டும் வாக்குவம் பிடியில் மற்றவற்றைத் தாங்கிக்கொண்டு நின்றது. அதன் கயிறு என் கையில் இருந்தது.

அவன் சைகை காட்ட, என்ஜின் கீழ்ப்பாதியை ஒரு கை நீளம் முன்னால் இழுத்து நின்றது. வளைவுக்கு அப்பால் இருப்பதால் டிரைவருக்கு எங்களைத் தெரியாது. பிரிந்த குழாய் தொங்கினால் தண்டவாளத்தில் இழுபடும். அதைக் கொக்கியில் மாட்ட ஒருவர் இடையில் போகவேண்டும். வேகனின் இரண்டு முனையிலும் மோதலைத் தாங்க நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக் குமிழ்தான் பஃபர்; போகும்போதும் வரும்போதும் அதற்குக் கீழே குனிந்துதான் போகவேண்டும் என்பது விதி. டென்சிலுக்கு முழங்கால் மடங்காது. அவன் எதிரெதிரே நிற்கிற இரண்டு பஃபர்களுக்கு நடுவிலேயே நுழைந்து வருவான்.

நுழைவதற்குமுன் கேட்டான். “மேல எல்லாம் புடிச்சிருக்குல்ல?”

“புடிச்சிருக்கு.”

“நீ சொன்னா சரி.”

குழாயை மாட்டினான். திரும்பினான். நெஞ்சு பஃபருக்கு நேராக வந்தபோது இழுத்தேன். வேகன் பெருமூச்சு விட்டது. ஓடி வரவில்லை, யாரோ யோசித்து யோசித்து நடப்பதுபோல் வந்தது. நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அவன் பின்வாங்கியிருக்கலாம். அந்த அளவுக்கு நேரம் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைத்திருப்பான், புருவத்தை உயர்த்தினான்.

அவன் உடனே சாகவில்லை. அது நான் எதிர்பார்க்காதது. பஃபர்களுக்கு நடுவில் நின்றபடியே இருந்தான். பல் தெறித்துக் களிமண் சேற்றில் கிடந்தது. அதை ஒருபோதும் தொடமாட்டேன் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. அதை நான் விவரிக்கவேண்டாமே.

“அம்ப்ரோஸு. கையைக் குடுடா.”

“குடுக்கறேன், இரு” என்றேன்.

கையுறைகள் கொட்டகையில் இருந்தன. போய் எடுத்துவந்தேன். நடந்துதான் போனேன், சேற்றில் ஓடினால் வழுக்கும். திரும்பி வந்தபோதும் அவன் கை நீட்டியபடியே இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு பிடித்தேன். இறுக்கமாகவே பிடித்தேன்.

“நல்ல வேள, நீ இருந்தே” என்றான்.

அதற்குப் பிறகுதான் டிரைவரைக் கூப்பிட்டேன். டிரைவரும் ஆம்புலன்ஸ்காரர்களும் வந்து பார்த்தபோது நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கண்ணில் பட்டது அதுதான்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. கசிகிற பழைய சிலிண்டர்கள், பூட்டாத கை பிரேக்குகள். பூட்டவேண்டியவன் இறந்துபோனவனே. அவன் பூட்டியதைப் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். கொஞ்சம் அசட்டையான ஆள்தான், ஆனால் தங்கமான மனிதன் என்றும் சொன்னேன். இரண்டாவது பாதி பொய்யில்லை. சில மாதத்தில் அந்த வேகன்களையும் உடைத்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். புதுக் கொட்டகைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். சுத்தமானவர். அதிகம் பேசமாட்டார். கதை அங்கேயே முடிந்திருக்கவேண்டும்.

டென்சிலுக்கு டாம்சின் என்று ஒரு மகள். அப்பா சாகும்வரை நான் கையை விடவில்லை என்று அவளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வர ஆரம்பித்தாள். கைக்குழந்தையோடு. அப்பாவின் பக்குவத்திலேயே செய்த பேஸ்டியோடு. உள்ளே வந்ததும் கட்டிக்கொள்வாள், அழுவாள், என் கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். அவள் மூக்கு அப்படியே அவனுடைய மூக்கு. குழந்தையை என் மடியில் வைப்பாள். அது என் விரலை இழுத்து வாயில் போட்டுச் சப்பும். அவர்கள் போனபிறகு விரல் சிவக்கும்வரை தேய்த்துக் கழுவுவேன்.

ஒருநாள் கேட்டாள். “அப்பா நிஜமாவே அசட்டையா இருந்தாரா மாமா? அவர் செஞ்ச தப்பாலதான் செத்தாரா? எனக்குத் தூக்கமே வர்றதில்ல.”

“நடந்தது நடந்துபோச்சு, விடும்மா” என்றேன். அவளை அது தேற்றியது என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் வந்தபோது என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஈரமான கைகள்.

“நீங்க தனியா இருக்கறது எனக்குப் பொறுக்கல மாமா. பின்னறையைக் காலி பண்ணிட்டேன். எங்க வீட்டுக்கே வந்துடுங்க. அப்பா இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு. மாட்டேன்னு சொன்னா விடமாட்டேன், வர்ற ஞாயித்துக்கெழமை வண்டியோட வந்து நிப்பேன்.”

உறுதியான பெண். சொன்னால் செய்வாள். நான் முதலில் வேறு வழி யோசித்தேன், உங்களிடம் மறைப்பானேன். அவர்கள் வீட்டு காஸ் அடுப்பு ரொம்பப் பழையது. குழாய் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் குழந்தை இருக்கிறது. குழந்தைக்குத் தீங்கு செய்கிற ஆள் நான் இல்லை. அதனால் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, நேராக இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளிடம் சொல்லிவிடுங்கள். நேரில் வேண்டாம் என்றால் போனில் சொன்னாலும் போதும்.

எனக்கு வேறு கோரிக்கை இல்லை. சிறையில் தனி அறை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். சற்றுமுன் அதைக் கேட்டபோது நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். “தனி அறையா? அங்க எடமே இல்லைங்க, மிஸ்டர் நான்ஸ். ஒருத்தருக்குக் கட்டின அறையில மூணு பேரை அடைக்கறாங்க. கக்கூஸுக்கு மூலையில ஒரு வாளி. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். விடிஞ்சாத்தான் கொண்டுபோய்க் கொட்ட முடியும்” என்றீர்கள்.

பரவாயில்லை, சார்ஜென்ட். கூட இருக்கப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முதலில் பார்க்கிறேன். நான் அவசரப்படுகிறவன் இல்லை. டென்சில் கிட்டோவையே அத்தனை வருடம் பொறுத்துக்கொண்டவன்.